கோபுரம் உயரக் கல் நம்ம மேல விழுமா?



"2032ல உலகம் அழியப் போகுதாமே, அப்புறம் எதுக்குடா படிக்கணும்?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் கேட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

சூரியனைச் சுற்றும் பாறைகளைச் சிறுகோள்கள் என்கிறோம். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகின்றன. சில மட்டும் பூமியின் பாதைக்குப் பக்கத்தில் வந்து போகும். அப்படி ஒன்றை 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டில் உள்ள தொலைநோக்கி கண்டுபிடித்தது. பெயர் 2024 ஒய்ஆர்4. அகலம் சுமார் 60 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய கோபுரம் 192 அடி, அதாவது 58 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கோபுரம் உயரத்துக்கு ஒரு பாறை என்று நினைத்துக்கொள்ளுங்கள்!

அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத 1 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று 2025 ஜனவரி கடைசியில் சொன்னார்கள். பிப்ரவரி 18 அன்று அது 3.1 சதவீதம் ஆனது. விழக்கூடிய பாதையில் இந்தியாவின் பகுதிகளும் இருந்தன. ஆனால் அடுத்த ஒரே வாரத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம்! அப்படியென்றால் விஞ்ஞானிகள் தப்பாச் சொல்லிட்டாங்களா? இல்லை.

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ் வழியில் ரிப்பேர் ஆகி நிற்கிறது. நடுவில் 20 ஸ்டாப் என்று வைத்துக்கொள்வோம். அது நம்ம ஸ்டாப்பில் நிற்க வாய்ப்பு 20ல் 1, அதாவது 5 சதவீதம். "பாதி தூரம் தாண்டியாச்சு" என்று போன் வருகிறது. மிச்சம் 10 ஸ்டாப், அதில் நம்ம ஸ்டாப்பும் உண்டு. இப்போ 10 சதவீதம். இன்னொரு போன், மிச்சம் 4 ஸ்டாப்தான். இப்போ 25 சதவீதம். கடைசி போனில், "உங்க ஸ்டாப்பைத் தாண்டி நிக்குது" என்கிறார்கள். பூஜ்யம்! பஸ் நின்ற இடத்திலேயேதான் நின்றது. மாறியது நமக்குத் தெரிந்த விவரம் மட்டும்தான். சிறுகோள் கதையும் இதேதான்.

ஆனால் கண்டுபிடித்தால்தானே கணக்குப் போட முடியும்? 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே, யாருமே முன்கூட்டிப் பார்க்காத சுமார் 20 மீட்டர் கல் வானத்திலேயே வெடித்தது. காயம் பட்டவர்கள் சுமார் 1,500 பேர். பெரும்பாலோரைக் குத்தியது கல் இல்லை, ஜன்னல் கண்ணாடி! வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்கள். மின்னலுக்குப் பிறகு இடி வருவது போல, அதிர்ச்சி அலை பிறகுதான் வந்தது.

தேடுகிற வேலை நம்ம தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் 1980களில் 'கல்கி' என்று ஒரு திட்டம் இருந்தது. ஒரே வானத்தைக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டோ எடுப்பார்கள். நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோள் நகர்ந்திருக்கும். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அங்கே இருந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் 1885ல் சென்னையில் போக்சன் என்பவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி! காவலூர் சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். பயப்பட வேண்டாம், அது செவ்வாய்க்கு அப்பால் சுற்றுகிற சாதுவான ஆள்.

அடுத்த விருந்தாளி அபோபிஸ். அகலம் சுமார் 340 மீட்டர், கிட்டத்தட்ட ஆறு கோபுரம். சுனாமிக்கு மறுநாள், 2004 டிசம்பர் 27 அன்று, இதற்கும் 2.7 சதவீதம் என்று கணக்கு வந்தது. பிறகு அதுவும் பூஜ்யமானது. 2021ல் ரேடாரில் பார்த்துவிட்டு, இன்னும் 100 வருஷத்துக்கு மோதாது என்று நாசா சொல்லிவிட்டது. ஆனால் பக்கத்தில் வரும். சுமார் 32,000 கி.மீ.தான்! நம்ம வீட்டு டிஷ்ஷுக்குப் படம் அனுப்பும் சாட்டிலைட்டே 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது.

தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2029 ஏப்ரல் 14, நம்ம நேரப்படி விடியற்காலை 3.16 மணி. அன்னைக்குத்தான் சித்திரை 1.