மழையும் கமராவும்

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணர்ந்ததும், யாழ்ப்பாணத்தில் கமரா வைத்திருப்போரிற் பெரும்பாலார் அதனை அலுமாரியுள் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். வெயிலில் வெளிறிக் கிடந்த செம்மண்ணும் பனந்தோப்பும் நிறம் பெறுவது அப்பொழுதுதான். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே பூட்டி வைத்தோம். ஒரு மாரி கழிந்து எடுத்துப் பார்த்தபோது, வில்லையின் உட்புறத்தே சிலந்தி நூல்போல் வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சணம்! ஒரு துளி மழையும் படாத கமராவை மழைக்காலம் தின்றுவிட்டது.

ஈரப்பதன் மிகுந்த, காற்றோட்டமற்ற இருளே பூஞ்சணத்துக்கு உகந்த இடம். தோலுறை அழகானதுதான், ஆயினும் அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். கமராவை உறையினின்றும் எடுத்து, காற்றுப் புகாத பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்தலே நன்று. பூட்டி வைப்பதும் ஆபத்தெனின், துணிந்து மழையில் எடுத்துச் சென்றால் என்ன?

செல்லலாம். மழையைப் படம்பிடிப்பது நாம் எண்ணுவதுபோல் எளிதன்று. பெருந்துளியொன்று செக்கனுக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில் விழுகின்றது. 60இல் ஒரு பங்கு செக்கன் கமராவின் கண் திறந்திருப்பின், அத்துளி 15 சென்ரிமீற்றர் தூரம் விழுந்துவிடும். படத்தில் நீண்ட கோடாகத் தோன்றும். 500இல் ஒரு பங்கெனின் 2 சென்ரிமீற்றருக்கும் குறைவு. அப்போது துளி துளியாகவே ஓரளவு தெரியும். ஒளி மழைக்குப் பின்னாலிருந்து வருதலும், பின்புலம் கருமையாயிருத்தலும் வேண்டும். வெண்ணிற வானத்தின் முன் எத்துணைப் பெருமழையும் மறைந்துபோகும்.

இத்தொல்லையெல்லாம் அறிந்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த பிரையன் பிரேக். 1960ஆம் ஆண்டில் இந்தியாவின் பருவமழையைப் படம்பிடித்தவர் அவர். அவற்றுள் ஒரு சிறுமி முகத்தை நிமிர்த்திக் கண்மூடி முதல் மழையை ஏற்கும் படம் உலகெங்கும் புகழ்பெற்றது. சிறுமி, பின்னாளில் நடிகையாகவும் இயக்குநராகவும் விளங்கிய அபர்ணா சென். அம்முகத்தில் விழும் நீரோ வானத்திலிருந்து வந்ததன்று, பூவாளியால் ஊற்றியது! இதை அறிந்தபின் அப்படத்தின் மீது எமக்கிருந்த மதிப்புச் சற்றுக் குறைந்ததென்பதை ஒளிப்பானேன்? 1983இல் குஜராத்தின் போர்பந்தரில் வெள்ளத்துள் இறங்கிய ஸ்டீவ் மக்கறி, தையல் இயந்திரத்தைத் தோளிற் சுமந்து வரும் முதிய தையற்காரரைப் படமெடுத்தார். எமது மனம் அவர் பக்கமே சாய்கின்றது.

பூவாளியை நாடாதோர் செய்யவேண்டியது அதிகமில்லை. பொலித்தீன் பையொன்றில் வில்லை அளவுக்குத் துளையிட்டு, கமராவை உள்ளே வைத்து, றப்பர் வளையத்தால் இறுக்கிவிட்டால் சாதாரண மழைக்குப் போதும். ஆனால் இடி கேட்டபின் குடையுடன் வெளியில் நிற்றல் கூடாது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இந்நாட்டில் மின்னல் மிகுதி. போன கமராவை மீண்டும் வாங்கலாம். குளிரூட்டிய அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ வெளியே வந்ததும் கமராவைத் திறவாதீர். குளிர்ந்த வில்லையில் வெப்பக் காற்றின் நீராவி ஒடுங்கிப் பனிபோற் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரமேனும் காத்திருத்தல் வேண்டும்.

இனி, நனைந்துவிட்டால்? இதனைச் சற்று விரித்துரைக்க எமக்குக் காரணம் உண்டு.

2019 மார்கழியில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் பண்ணைப் பாலத்திற்குச் சென்றோம். அவர்களுள் ஒருவன் காலஞ்சென்ற தந்தையின் கமராவைக் கொண்டுவந்திருந்தான். தாயார் அதனை எளிதில் கொடுக்கவில்லை. “மாஸ்டர் கூட வாறார்” என்று கூறியே பெற்று வந்தானாம். மழையினூடே பறியுடன் கரையேறும் கடற்றொழிலாளி ஒருவரை அவன் படமெடுத்துத் திரும்பும்போது, விரைந்து சென்ற பேருந்தொன்று தெருக்குழியில் தேங்கியிருந்த நீரை வாரி இறைத்தது. கமரா முழுவதும் நனைந்தது.

அவன் எம்மைப் பார்த்தான். “எங்கே, வேலை செய்யுதா எண்டு ஒருக்கால் போட்டுப் பார்” என்றோம்.

நீர் பட்டதனால் மட்டும் கமரா அழிந்துவிடுவதில்லை. ஈரத்தோடு மின்சாரம் பாயும்போதே பெருங்கேடு விளைகின்றது. உப்பும் அழுக்கும் கலந்த நீர் குறுஞ்சுற்றை உண்டாக்கும். மெல்லிய செப்புப் பாதைகளை அரிக்கும். உடனே செய்யத்தக்கது ஆளியை மூடி, மின்கலத்தையும் நினைவக அட்டையையும் கழற்றித் துடைத்து, நாட்கணக்கில் உலரவிடுதலே. அரிசிப் பானையுள் புதைப்பதும் வீண். 2024இல் அப்பிள் நிறுவனமே நனைந்த கைத்தொலைபேசியை அரிசியுள் இடவேண்டாமென்றும் அதன் துகள்கள் கருவியைப் பழுதாக்கலாமென்றும் அறிவுறுத்தியது. பௌதிகவியல் கற்பிக்கும் எமக்குக் குறுஞ்சுற்றைப் பற்றி எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆயினும் பதற்றத்திற் சொல்லிவிட்டோம்.

திரை ஒருமுறை ஒளிர்ந்தது, பின் அணைந்தது. எரிந்த மணம் வந்தது.

மறுவாரம் இருவரும் திருத்துநரிடம் சென்றோம். அவர் கமராவைத் திறந்து பார்த்துவிட்டு, “ஈரத்தோட இதைப் போட்டது ஆர்?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றான் மாணவன்.

அதைத் திருத்திக் கூற எமக்குச் சில நிமிடங்கள் சென்றன. திருத்துநர் தலையை அசைத்துவிட்டு, பழுதுறாதிருந்த நினைவக அட்டையை மட்டும் எடுத்து அவன் கையிற் கொடுத்தார். கடற்றொழிலாளியின் படம் அதில் இருந்தது. அன்று மாலை அவனுடைய தாயாரைக் காண நாமும் உடன் சென்றோம்.