கரண்ட் பில்லும் கடற்காற்றும்

ஆரையம்பதியில் வெயிலுக்குக் குறைவில்லை. சோலார் பனல் விற்க வருகிறவர்களும் அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் மட்டக்களப்பு வாவி, நடுவே மணல் நிலம். நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகைகூட இல்லை. இங்கே கூரையில் ஒரு கிலோவாட் பனல் ஏற்றினால் வருடச் சராசரியில் மாதம் 115 யூனிட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பேராசை ஆகாது. கார்த்திகை, மார்கழியில் முகில் மூடிக் கிடக்கும் வாரங்களில் அதில் பாதிகூடத் தேறாமல் போகலாம். சித்திரை பிறந்தபின் அந்தக் குறை ஈடாகிவிடும். ஆகவே வெயிலைப் பற்றிய பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். வீட்டுக்கு வரும் கரண்ட் பில் எத்தனை யூனிட் காட்டுகிறது, கூரையில் ஏறும் உலோகம் கடற்காற்றை எத்தனை வருடம் தாங்கும் என்ற இரண்டிலும்தான் விஷயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் முடிவு, விற்பனைத் துண்டுப்பிரசுரம் சொல்வதைவிடச் சிறியது: பெரிய பில் வருகிற வீட்டுக்குச் சின்ன சோலார் நல்லது, சின்ன பில் வருகிற வீட்டுக்கு எந்த சோலாரும் வேண்டாம்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும்; அந்தப் படிகள் எவ்வளவு செங்குத்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 ஜூன் மாதக் கட்டணத்தில், மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கு முதல் 60 யூனிட்டும் தலா 12.75 ரூபா. அடுத்த 30க்கு 18.50, அதற்கடுத்த 30க்கு 24, பிறகு 180 வரை 41, அதற்கு மேலே போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 61 ரூபா. ஏசி ஒன்று, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர் எல்லாம் ஓடி மாதம் 300 யூனிட் எரிக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையான கட்டணத்தையும் வரியையும் ஒதுக்கிவிட்டால் பில் 11,820 ரூபா. முதல் கிலோவாட் பனல் தருகிற 115 யூனிட்டும் 61 ரூபாப் படியிலிருந்தே கழிகிறது. மிச்சம் 7,015 ரூபா. இரண்டாவது கிலோவாட் 41, 24 என்று கீழ்ப்படிகளில் இறங்குகிறது, மிச்சம் 3,855. மூன்றாவது கிலோவாட்டுக்கு வீட்டில் 70 யூனிட்தான் பாக்கி; அதன் விலையே 950 ரூபா. மீந்துபோகும் 45 யூனிட்டை 2025 விலையில் மின்சார சபைக்கு விற்றாலும் இன்னொரு 940 ரூபா வரும், அவ்வளவுதான். மூன்று கிலோவாட்டும் ஒரே வெயிலில்தான் காய்கின்றன, ஏறத்தாழ ஒரே விலைதான். ஆனால் முதலாவது சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட மூன்றாவது சம்பாதிப்பதில்லை.

இதே கணக்கை மாதம் 70 யூனிட் எரிக்கும் வீட்டுக்குப் போட்டால், சோலார் அந்த வீட்டுக்கு மிச்சம் பிடித்துத் தருவது மாதம் ஆயிரம் ரூபாவுக்கும் கீழே. நான்கைந்து பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, சின்ன பிரிட்ஜ் என்று ஓடும் வீடுகள் இந்தக் கரையோரத்தில் ஏராளம். அங்கே கடன் வாங்கி சோலார் போடச் சொல்வது, கடனை விற்பதற்கு வெயிலைச் சாட்டாகப் பிடிப்பதுதான். அந்த வீட்டுக்காரர் பழைய பிரிட்ஜின் கதவு ரப்பரை மாற்றினாலே பில்லில் வித்தியாசம் தெரியும்.

அப்படியென்றால் கூரை முழுக்கப் பனல் பரப்பி, பில்லே இல்லாமல், மாதாமாதம் பணமும் வாங்குகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் எந்த வருடத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2016இல் அரசாங்கம் சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சோலார் திட்டத்தைத் தொடங்கியபோது, மிஞ்சும் யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, அடுத்த பதின்மூன்று வருடம் 15.50 ரூபா என்று ஒப்பந்தம் எழுதினார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கூரைச் சோலாருக்கு 37 ரூபா வரை கிடைத்தது. ஒப்பந்தமோ இருபது வருடத்துக்கு. அந்த விலைக்கு, இடம் இருந்தால் மாட்டுக் கொட்டில் மேலேயும் பனல் போட்டிருக்கலாம். 2025இல் புதிதாகச் சேர்ந்த சின்ன வீட்டுக்கு, ஐந்து கிலோவாட்டுக்குள் என்றால், யூனிட்டுக்கு 20.90 ரூபா. விற்பனை லாபத்துக்காகப் பெரிதாகப் போடும் காலம் முடிந்துவிட்டது. விலை கூடிய மேல்படி யூனிட்டை வாங்காமல் தப்புவதில்தான் இப்போது லாபம். கல்முனையில் முன்பே பனல் பரப்பிய உங்கள் மச்சானின் கணக்கு இன்றைக்கு உங்களுக்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

கட்டணம் குறைந்தால் இந்தக் கணக்கும் கவிழுமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2022 ஆகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏறிய கட்டணம் பிறகு பலமுறை இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. ஆகவே இறங்கிய கட்டணத்திலும் கணக்கு நிற்கிறதா என்று பார்ப்பதே புத்தி. இரண்டு கிலோவாட் தொகுதி ஐந்து லட்சம் என்றும், உப்புக்குத் தாங்கும் சாமான்களுக்கு மேலதிகமாக ஐம்பதாயிரம் என்றும் ஒரு பேச்சுக்கு வைப்போம். ஜூன் கட்டணத்தில் போட்ட காசு நாலேகால் வருடத்துக்குள் திரும்பி வருகிறது. 61 ரூபாப் படி 52 ரூபாவாக இருந்த 2025 ஜனவரிக் கட்டணத்தில் ஐந்து வருடம் பிடிக்கும். ஆக, கட்டணம் இறங்கினாலும் 300 யூனிட் வீட்டுக்குச் சின்னத் தொகுதி தாக்குப்பிடிக்கிறது. ஐந்து வருடத்துக்குள் துருப்பிடித்து விழாமல் இருந்தால்.

உப்புக்கு இங்கேதான் வருகிறோம். கடற்கரையில் எதுவும் நிலைக்காது, கேட்டும் தகரமும் போன கதியில் பனலும் போகும் என்பது ஊரில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. பாதிதான் உண்மை. பனலின் முகம் கண்ணாடி; உப்பு அதை அரிக்காது. அரிப்பு பிடிப்பது ஓரங்களில்தான்: சட்டத்தில், தாங்கு கம்பியில், போல்ட்டில், வயர் பொருத்தும் முனையில், இன்வேட்டரின் வயிற்றுக்குள். உப்பு காய்ந்து கிடக்கும்போது பெரிய கெடுதி செய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இரவுக் காற்று அந்த அளவைத் தாண்டுவது வழக்கமானது. பகலில் மின்சாரம் தரும் பனலின் போல்ட் ஒவ்வொன்றும் இரவில் உப்புக் கரைசலில் ஊறுகிறது. அதிலும் அலுமினியமும் சாதாரண இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், நடுவிலே உப்புநீர் நிற்கும்போது அது ஒரு சின்ன பற்றரி மாதிரி வேலை செய்து உலோகத்தைத் தின்னும்.

விலைமனுவில் பனலின் பெயரும் இன்வேட்டரின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். போல்ட்டைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. இந்தக் கரையில் தொகுதியின் ஆயுளைத் தீர்மானிப்பதோ அந்தப் போல்ட்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்வது போதாது. அதில் 304 என்றும் 316 என்றும் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. 316இல் மொலிப்டினம் கலந்திருப்பதால் அது கடற்காற்றைத் தாங்கும். 304இல் கொஞ்ச காலத்திலேயே தேநீர்க் கறை போலப் பழுப்புப் படரும். காந்தம் வைத்துப் பார்த்தால் வெறும் இரும்பை அநேகமாகப் பிடித்துவிடலாம், இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள்: ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. பனலுக்கு உப்புப் பனியில் வைத்துச் சோதிக்கும் ஐ.ஈ.சி. 61701 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது; சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். உத்தரவாதப் பத்திரத்தின் சின்ன எழுத்தையும் வாசிக்க வேண்டும். கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் பொருத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதும் உற்பத்தியாளர்கள் உண்டு. கடற்கரை வீதியில் இருக்கும் வீட்டுக்கும் வாவிக்கரையில் இருக்கும் வீட்டுக்கும் இந்த வரி ஒன்றல்ல. உப்புத் துளியைக் காற்றில் ஏற்றுவது உடைகிற அலை. அமைதியாகக் கிடக்கும் வாவி அந்த அளவுக்குச் செய்வதில்லை. இன்வேட்டரை எந்த வீட்டிலும் கடலைப் பார்த்த சுவரில் மாட்டக் கூடாது.

காற்றின் குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாடைக்காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவந்தாலும் கூடவே மழையையும் கொண்டுவருகிறது, கூரை கழுவப்படுகிறது. வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் (வறுத்துத் தின்கிற கச்சானுக்கும் இதற்கும் தொடர்பில்லை) வறண்ட வெக்கைக் காற்று. பின்னேரங்களில் கடற்காற்றும் வந்து சேரும். புழுதியும் உப்பும் மாறி மாறிப் படியும், கழுவ மழை இருக்காது. நல்ல வெயில் காய்கிற அந்த மாதங்களில்தான் பனலைக் கழுவ வேண்டியிருக்கிறது. சவர்த்தண்ணீர்க் கிணற்றிலிருந்து மோட்டர் போட்டு அடித்தால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றினது போலாகும். நல்ல தண்ணீர் வேண்டும், பனல் சூடேறுமுன் விடியற்காலையில் செய்ய வேண்டும். பனலைப் பத்துப் பாகையாவது சரித்துப் பொருத்தினால் மழை தன் பங்கைச் செய்யும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் கூரை கிழக்கு மேற்காகச் சரிந்திருந்தாலும் பெரிய நட்டமில்லை. தென்னை நிழல்தான் நட்டம். ஒரு பனலில் ஓலை நிழல் விழுந்தாலும் தொடரில் கட்டிய மற்றப் பனல்களின் உற்பத்தியும் சேர்ந்தே விழலாம். சோலாருக்காகக் காய்க்கிற தென்னையைத் தறிக்கச் சொல்கிறவரிடம், தேங்காயின் இன்றைய விலையையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: சூறாவளி. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்த இரவை மட்டக்களப்பில் வயது போனவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கிழக்கைத் தாக்கியபோது அந்தப் பயம் திரும்பவும் வந்தது. புயலில் பனல் ஒரு பாய். காற்று அதை அமுக்குவதைவிட மேலே இழுப்பதுதான் ஆபத்து, கூரையின் விளிம்பிலும் மூலையிலும் அந்த இழுப்பு கூட. பனல் பறந்தால் அதைப் பிடித்திருக்கும் கைமரத்தையும் பிடுங்கிக்கொண்டு போகும். ஆகவே சீற் போட்ட கூரையிலும் உளுத்த கைமரம் உள்ள ஓட்டு வீட்டிலும் கூரையைத் திருத்தாமல் சோலார் போடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. திருத்தும் செலவு சேர்ந்தால் மேலே போட்ட கணக்கு நீளும். சில வீடுகளில் அறுந்தே போகும். கொங்கிறீற் தட்டுக் கூரை உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அங்கேயும் விளிம்பிலிருந்து தள்ளிப் பொருத்த வேண்டும். சின்னத் தொகுதிக்கு இங்கேயும் ஒரு நன்மை கிடைக்கிறது: நான்கைந்து பனல் என்றால் கூரையின் நடுவில், காற்றின் பிடி குறைந்த இடத்தில் வைக்கலாம். இருபது பனல் என்றால் விளிம்பு வரை போயே ஆகவேண்டும்.

புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களில் சோலார் கைகொடுக்கும் என்று நம்பிப் போடுகிறவர்கள் பலர். அந்த நம்பிக்கை தவறு. மின்சார சபையின் வயரோடு இணைந்த சாதாரண தொகுதி, ஊரில் கரண்ட் போன அந்த நொடியே தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிரோடு இருக்க அப்படித்தான் இருக்க வேண்டும். சித்திரை வெயில் கொளுத்தினாலும் உங்கள் வீடு இருட்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இன்னொரு சங்கடம் வந்தது: தொழிற்சாலைகள் மூடி நாட்டில் பாவனை விழுந்ததால், பகலில் பிற்பகல் மூன்று மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் விற்கவே பெரிதாகப் போட்டவருக்கு அது நேர் நட்டம். தன் வீட்டுக்கு அளவாகப் போட்டவருக்குச் சில நாள் யூனிட் மட்டும்தான்.

பற்றரி சேர்த்தால் இருட்டுப் பிரச்சினை தீரும், செலவு ஏறும். இரவு உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து தரும் யூனிட்டுக்கு 45.80 ரூபா என்று 2025இல் ஒரு விலை வந்தது. அதை நம்பிப் பற்றரி வாங்குவது மறுபடியும் 37 ரூபாக் கனவைக் காண்பது போல எனக்குப் படுகிறது. ஆனால் புயல் இரவுக்கு என்றே ஒரு சின்னப் பற்றரி வாங்குகிறவரிடம் லாபக் கணக்குப் பேச வேண்டியதில்லை. மூன்று பல்பு, ஒரு மின்விசிறி, போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக், அவ்வளவுக்கு மட்டும் தனி வயர் இழுத்து, பற்றரியை வெள்ளம் ஏறாத உயரத்தில் மாட்டச் சொல்லலாம். தண்ணீர் மோட்டரை அந்த வயரில் கொடுக்கக் கூடாது. அதற்குக் கிணற்றடியில் வாளியும் கயிறும் இருக்கட்டும்.