மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்?

சென்னையில் தனி வீட்டில் வாழ்ந்து பழகிய ஒரு குடும்பம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகும்போது முதலில் இழப்பது எதுவென்று கேட்டால், கிணறு என்றோ தோட்டம் என்றோ பலர் சொல்லக்கூடும். என் அபிப்பிராயத்தில் அது மொட்டை மாடிதான். சித்திரை வெயிலில் வடகம் பிழிந்து உலர்த்தவும், மின்சாரம் நின்ற இரவில் பாயை விரித்துப் படுக்கவும், யாரையும் கேளாமல் படியேறிப் போய்வந்த அந்த இடம், புதிய வாசஸ்தலத்தில் நாற்பது குடும்பங்களின் பொதுச் சொத்தாகிவிடுகிறது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. அங்கே துணி உலர்த்தலாமா கூடாதா என்பதை அசோசியேஷன் தீர்மானிக்கிறது. சமையலறையின் கிரானைட் மேடையையும் குளியலறையின் குழாய்களையும் ஒன்றுக்கு நான்கு முறை பரிசீலிக்கிறவர்கள், இந்தப் பொது வாழ்க்கை தங்கள் சுபாவத்துக்கு ஒத்துவருமா என்பதைப் பத்திரப்பதிவு முடிந்த பிறகே யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிற விஷயம்.

ஃபிளாட் வாங்குகிறவருக்குக் கிடைப்பவை, தம் வீட்டுச் சுவர்களுக்குள் அடங்கிய தளமும், கட்டடம் நிற்கும் மனையில் ‘யூடிஎஸ்’ என்று எல்லோரும் சொல்லும் பிரிபடாத பங்கும், படிக்கட்டு, லிஃப்ட், சம்ப், மொட்டை மாடி முதலியவற்றில் மற்றவர்களோடு சேர்ந்து அனுபவிக்கும் பாத்தியதையுமே. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வெளிச்சுவர்களையும் பால்கனியையும் நீக்கி, உட்சுவர்களைச் சேர்த்து, உள்ளே உபயோகிக்கக்கூடிய பரப்பையே ‘கார்ப்பெட் ஏரியா’ என்று வரையறுத்து, அந்தக் கணக்கைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆயினும் வழக்கத்தில் சொல்லப்படும் ‘1,200 சதுர அடி’யில் படிக்கட்டும் நடைவழியும் கிளப் ஹவுஸும் ஒரு பங்காக ஏறி உட்கார்ந்திருப்பது சகஜம். ஆகவே, நீந்தவே தெரியாதவர் நீச்சல் குளத்துக்கு ஒருமுறை விலையிலும், பிறகு மாதந்தோறும் மெயின்டனன்ஸிலும் பணம் கொடுக்க நேர்கிறது. சதுர அடிக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அந்த வீட்டுக்கு மாதம் 4,800 ரூபாய் ஆகிறது. பென்ஷனில் காலம் தள்ளுகிற தம்பதிக்கு அது அற்பமான தொகையன்று.

மயிலாப்பூரின் சந்து ஒன்றில் எட்டே வீடுகள் கொண்ட பழைய கட்டடத்தில் குடியிருப்பதும், பழைய மகாபலிபுரம் சாலையில் சில நூறு வீடுகள் கொண்ட வளாகத்தில் குடியிருப்பதும் வேறு வேறு ஜீவனங்கள். முன்னதில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நடுநிசியில் நெஞ்சு வலித்தால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டலாம். ஆனால் ஒரே ஒருவர் பங்குத் தொகையைக் கொடுக்க மறுத்தாலும் பழுதான மோட்டார் பழுதாகவே கிடக்கும். பின்னதில் சம்பளத்துக்கு மேனேஜர் உண்டு, ஜெனரேட்டர் உண்டு, குழந்தைகளுக்கு விளையாட்டுத் தோழர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே பத்து வருஷம் கழிந்துவிடுவதும் உண்டு. இவற்றில் எது உயர்ந்தது என்பதல்ல கேள்வி. இரவு ஷிப்டு முடிந்து காலையில் உறங்குகிறவர், விடியலில் வீணை சாதகம் செய்கிறவர், நாய் வளர்க்கிறவர், முழங்கால் வலியுள்ள தாயாரை உடன் வைத்திருக்கிறவர் என்று அவரவர் தம் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, அந்த நாள் அந்தக் கட்டடத்துக்குள் அடங்குமா என்று நிதானிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றினும் பிரதானமானது தண்ணீர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் அநேகமாக வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு குடியிருப்பின் உண்மையான தராதரம், வரவேற்பறையின் சலவைக்கல்லில் தெரியவில்லை. லாரி வருமா என்று சம்ப் ஓரத்தில் காத்திருந்தவர்களின் முகத்தில் தெரிந்தது. மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர்த் தண்ணீர் எந்த மாதத்தில் வற்றுகிறது, மே மாதத்து லாரிச் செலவு எவ்வளவு, வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கிறதா அல்லது சிக்கனமாக இருப்பவரும் ஊதாரியும் ஒரே கட்டணம் கொடுக்கிறார்களா என்று கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. மழைநீர் சேகரிப்பை இந்த ராஜ்யம் 2003இலேயே கட்டாயமாக்கியது. குழாய் இருப்பது வேறு, அது அடைபடாமல் மழைநீரை நிலத்துக்குள் இறக்குவது வேறு.

தண்ணீருக்கு அடுத்தபடி கணக்கு. அசோசியேஷனின் சென்ற வருஷத்து வரவு செலவையும் பொதுக்கூட்டத் தீர்மானப் புத்தகத்தையும் காட்டும்படி கேட்டால், சந்தோஷமாகக் காட்டுகிற இடத்தில் நம்பிக்கையோடு வாங்கலாம்; நிலுவை வைத்திருப்பவர் எத்தனை பேர், லிஃப்ட் மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் கார்ப்பஸ் நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அதில் விளங்கும். பழைய கட்டடம் வாங்குகிறவர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2022இல் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினரின் சம்மதம் போதும். எனவே அயலாரின் மனப்போக்கு நம் கூரையின் ஆயுளையே நிர்ணயிக்கக்கூடியதாகிவிட்டது.

புதிதாகக் கட்டி விற்பவர் நாளைக்கே முடிவு சொல்லும்படி நெருக்கினாலும், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாதென்று ரியல் எஸ்டேட் சட்டம் தடுத்திருப்பதால், பொறுத்து யோசிக்க அவகாசம் இருக்கவே செய்கிறது. விடுமுறை நாள் பகலில் ஒரு முறை பார்த்தவர், வேலைநாள் மாலை ஏழு மணிக்கு, எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் மறுமுறை போய்ப் பார்க்கட்டும். முடிந்தால் கார்த்திகை அடைமழையில் மூன்றாம் முறையும் போகட்டும். குறிப்பாக வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கங்களில் தேடுகிறவர்கள், வாசலில் துணி தேய்க்கிற பெரியவரிடம் இரண்டு நிமிஷம் நின்று பேசினால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது, எத்தனை நாள் வடியாமல் நின்றது என்பதை அவர் கை நீட்டிக் காட்டிவிடுவார்.