சவரக்கத்தி

சவரக்கத்தி அல்லது மழிகத்தி என்பது முகமயிரையும் தலைமயிரையும் மழிக்கப் பயன்படும், கைப்பிடிக்குள் மடங்கும் எஃகுக் கத்தி ஆகும். இதன் அலகு மாற்றப்படுவதில்லை. சாணைக்கல்லிலும் தோல்வாரிலும் தீட்டப்பட்டுப் பல்லாண்டுகள் பயன்படும்.

வரலாறு

களிமண் மூசையில் உருக்கப்பட்ட தென்னிந்திய எஃகு ஐரோப்பாவில் "ஊட்சு" எனப்பட்டது. இலண்டன் கத்தி வினைஞர் ஜேம்சு இசுட்டோடார்ட்டும் அறிவியலாளர் மைக்கேல் பாரடேயும் இதனை ஆராய்ந்து, 1820 இல் எஃகுக் கலப்புலோகங்கள் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். தாம் உருவாக்கிய கலப்பெஃகில் செய்த சவரக்கத்திகளைப் பாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார்.

உற்பத்திச் சிக்கல்கள்

தரமான சவரக்கத்திக்கு நல்ல எஃகு மட்டும் போதாது. காய்ச்சி அடித்து வடிவமைத்த அலகு, ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வரை சூடாக்கப்பட்டு எண்ணெயில் தோய்க்கப்படுகிறது. அப்போது அது சற்று வளையக்கூடும். பின்னர் ஏறத்தாழ 200 பாகையில் மீண்டும் சூடாக்கி, நொறுங்கும் தன்மை குறைக்கப்படுகிறது. அடுத்து, இரு பக்கங்களும் சாணைச் சக்கரங்களில் குழிவாகத் தேய்க்கப்படுகின்றன. விளிம்பு தாள்போல் மெலியும்போது உராய்வு வெப்பம் கூடினால் கடினத்தன்மை போய்விடும். ஒவ்வோர் அலகின் வளைவும் வேறுபடுவதால், வினைஞர் கையால் உணர்ந்தே தேய்க்கிறார். இத்திறன் கைவரப் பல ஆண்டுகள் ஆகும்.

மாற்றுப் பிளேடுகள்

1903 இல் ஜில்லெட் நிறுவனம் விற்கத் தொடங்கிய மெல்லிய பிளேடு இச்சிக்கலைத் தவிர்த்தது. எஃகை நீண்ட தகட்டுச் சுருளாகவே கடினமாக்கித் தீட்ட முடிவதால், எந்திரங்களே பிளேடுகளைச் செய்கின்றன. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டன. பின்னர் பரவிய விழிப்புணர்வால், தமிழக முடிதிருத்தகங்களில் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு பொருத்தும் கத்தி வழக்கமானது.

தேவை குறைந்ததால் புதிய சாணை வினைஞர்கள் உருவாவது அரிதாயிற்று. செருமனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகிய நகரங்களில் இத்தொழில் சிறிய அளவில் தொடர்கிறது. வாங்குவோர் பெருகினாலும், பயின்ற கைகள் இன்றி உற்பத்தியை விரைந்து பெருக்க இயலாது.