பிளாட்டினத்தைத் தாங்கும் மண்

கொரட்டூரை ஒட்டிய பாடி மேம்பாலத்தில் காலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் பெட்ரோல் கார்களின் அடியில் ஒரு சிறிய ரசாயன ஆலை ஓசையின்றி இயங்குகிறது. 'கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்' எனப்படும் அந்த வினையூக்கிப் பெட்டி, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரல் முதல் இது கட்டாயமானது.

இப்பணியைச் செய்பவை பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள். ஒரு காரில் அவை சில கிராம்களே உள்ளன. அந்தச் சில கிராம் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை அவற்றைத் தாங்கும் ஆக்சைடுகள்தான்.

வினை நிகழ்வது உலோகத்தின் மேற்பரப்பில். கடும் வெப்பத்தில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் மேற்பரப்பு சுருங்கி, உலோகம் வீணாகும். இதைத் தடுக்கவே, ஒரு கிராமில் நூறு சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு கொண்ட அலுமினாவில் அவை தூவப்படுகின்றன. ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸைக் கடந்தால் அலுமினாவும் தன் நுண்துளைகளை இழக்கும். சிறிதளவு லாந்தனம் ஆக்சைடு அதைத் தாமதப்படுத்துகிறது. சீரியம் ஆக்சைடு, புகையில் ஆக்சிஜன் மிகும்போது சேமித்து, குறையும்போது வழங்குகிறது. சிர்கோனியம் ஆக்சைடு கலந்தால் சீரியத்தின் வெப்பம் தாங்கும் திறன் கூடுகிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம்.எஸ். ஹெக்டே குழுவினர் இன்னும் ஒரு படி சென்றனர். சீரியம் ஆக்சைடின் படிகத்துக்குள்ளேயே பல்லேடியம், பிளாட்டினம் அயனிகளைப் பதித்து, மிகக் குறைந்த உலோகத்தைக் கொண்டே திறம்பட வினைபுரியச் செய்தனர்.

பிளாட்டினம் வகை உலோகங்களுக்கு நாம் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கிறோம். ஆனால், சீரியமும் லாந்தனமும் அடங்கிய மோனசைட், சிர்கோனியம் தரும் சிர்கான் ஆகிய கனிமங்கள் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே உள்ளன. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியமும் இருப்பதால், மணல் அகழ்வு குறித்துக் கடலோர மக்கள் கொண்டுள்ள அச்சத்தைப் புறந்தள்ள முடியாது.

அந்த மக்களின் கவலையை விலையாகக் கொண்டு எடுக்கப்படும் மணல், வெறும் மூலப்பொருளாக விற்கப்படுவது நியாயமன்று. அதிலிருந்து உயர்தர ஆக்சைடுகளை உருவாக்கும் ஆய்வும் உற்பத்தியும் இங்கேயே வளர வேண்டும். வாகன உதிரிபாகத் தயாரிப்பில் நீண்ட அனுபவம் கொண்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொரட்டூருக்கு அருகிலேயே இருக்கிறது.