ஆடிக்கூழில் இருப்பதும் அன்றாடத் தட்டில் இல்லாததும்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியரின் போர்த்தளங்கள் என்ற தொகுதியில் இடம்பெற்ற 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றுதான். கோட்டை பார்க்க வருபவர்களுக்கு ராஜகிரியின் அடிவாரத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்தைத் தவறாமல் காட்டுவார்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும் கோட்டை தாக்குப்பிடித்ததற்கு மலையின் செங்குத்து ஒரு காரணம் என்றால், உள்ளே சேமித்திருந்த தானியம் இன்னொரு காரணமாக இருந்திருக்க வேண்டும். இன்றும் அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்மூட்டைகள் மலைபோலக் குவிகின்றன. சுற்றுவட்டாரக் காடுகளில் மல்லாட்டை விளைகிறது. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கேழ்வரகும் கம்பும் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. முருங்கை இல்லாத தெருவே இல்லை.

இத்தனையும் விளைகிற நிலத்தில் குழந்தைகளின் இரத்தத்தில் இரும்புச்சத்து ஏன் குறைகிறது? இந்தக் கேள்வி என்னைச் சில காலமாகவே தொந்தரவு செய்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்கு முந்தைய ஆய்வில் இது 50.7 விழுக்காடு. பள்ளி, மருத்துவமனை, சாலை என்று எத்தனையோ குறியீடுகளில் முன்னே நிற்கும் மாநிலம் இதில் பின்னோக்கி நடந்திருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இதே குறை. தாயிடம் இல்லாத இரும்பைக் குழந்தை கருவிலேயே சேமித்துக்கொள்ள முடியாது என்பதால், இந்த இரண்டு எண்களும் ஒரே கதையின் இரு பக்கங்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. மனைவி காலைப் பேருந்தில் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போகிறார். அதனால் காலைச் சமையல் என்னுடையது. சென்ற ஆண்டு மகளுக்குப் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் அளவு 10.2 என்று வந்தது. இந்த வயதில் 11க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. வீட்டில் பட்டினி கிடையாது. கீரை வாங்காத வாரமும் கிடையாது. பிறகு எங்கே ஒழுகுகிறது என்று தேடத் தொடங்கியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், கீரையைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கையைச் சற்று அளந்து பார்க்க வேண்டும். 100 கிராம் முருங்கைக்கீரையில் ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் இரும்பு உண்டு. நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. எந்த நான்கு வயதுக் குழந்தை 100 கிராம் கீரை தின்னும்? ஆளுக்கு ஒரு சிறு பிடி, 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது. 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல். இரும்போ கீரையில் உள்ள அளவுதான். வாரம் ஒருநாள் கீரை கடைந்துவிட்டால் கடமை முடிந்தது என்ற கணக்கு ஆகவே சரிப்படாது.

அடுத்தது, தட்டில் விழுவதெல்லாம் உடலில் சேர்வதில்லை. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட இரத்தத்துக்குப் போய்ச் சேராது. தானியத்தின் மேல்தோலில் இருக்கும் பைட்டிக் அமிலம் அதைக் கட்டிப்போடுகிறது. தேநீரில் உள்ள டானின்களும் அதையே செய்கின்றன. எங்கள் ஊரில் மாலை நான்கு மணிக்குக் குழந்தைக்கும் ஒரு தம்ளர் டீ ஊற்றி, பன்னையோ பிஸ்கட்டையோ நனைத்துக் கொடுப்பது அன்பின் அடையாளம். வேண்டாம் என்றால் பாட்டிகள் வருத்தப்படுவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் பெரியவர்களே டீ, காபியைத் தவிர்க்க வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. குழந்தைக்கு அது எந்த வேளையிலும் தேவையில்லை. பாலும் இந்த வகையில் குற்றமற்றதல்ல. ஒரு வயதைத் தாண்டிய குழந்தை நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடித்தால் வயிறு நிறைந்துவிடும்; இரும்புள்ள உணவுக்கு இடமிருக்காது. “சோறு தின்ன மாட்டேன் என்கிறாள், பாலாவது குடிக்கட்டும்” என்று நாம் ஆறுதல் தேடும் இடத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

கட்டிப்போடும் பொருள்கள் இருப்பதுபோல அவிழ்த்துவிடும் பொருள்களும் உண்டு. வைட்டமின் சி அதில் முதன்மையானது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா, தக்காளி எல்லாம் அதே வேளைச் சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் பயன். நெல்லியைக் காலையிலும் கீரையை மதியத்திலும் கொடுத்துப் பலனில்லை. மீனும் இறைச்சியும் தம்மிடமுள்ள இரும்பை எளிதாகக் கொடுப்பதோடு, கூட இருக்கும் தானியத்தின் இரும்பையும் இழுத்துக்கொண்டு போகின்றன. மாவைப் புளிக்க வைத்தால், தானியத்தை முளைகட்டினால், பைட்டிக் அமிலம் குறைகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஆடி மாதம் நினைவுக்கு வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிடும் இந்த வட்டாரத்தில் ஆடியில் கூழ் வார்க்காத தெரு இருக்காது. முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் அரிசி நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. புளித்த தானியம், கீரை, மீன் மூன்றும் ஒரே வேளையில். ஓர் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் ஊட்டச்சத்து நிபுணர் எழுதித் தரக்கூடிய பட்டியலுக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல. முன்னோர்கள் ஆய்வகம் வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை; கையில் இருந்ததைச் சேர்த்துச் சாப்பிட்டார்கள், அது பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், அந்தச் சேர்க்கை ஆண்டுக்கு ஒரு மாதத்துக்கு உரிய பிரசாதமாகச் சுருங்கிவிட்டது. மீதிப் பதினோரு மாதமும் குழந்தையின் தட்டில் வெள்ளைச் சோறு, ரசம், தயிர், உருளைக்கிழங்கு வறுவல். இடையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம்.

பாத்திரமும் மாறிவிட்டது. இரும்புச் சட்டி போய் அலுமினியமும், ஒட்டாத பூச்சுள்ள வாணலியும் வந்துவிட்டன. இரும்புப் பாத்திரத்தில் சமைத்த உணவைச் சாப்பிட்ட எத்தியோப்பியக் குழந்தைகளுக்கு, அலுமினியத்தில் சமைத்ததைச் சாப்பிட்டவர்களைவிட ஹீமோகுளோபின் கூடியதாக 1999இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நல்லவேளையாக இரும்புத் தோசைக்கல் இன்னும் நம் அடுப்பைவிட்டு இறங்கவில்லை. தக்காளித் தொக்கை இரும்புச் சட்டியில் வதக்கி, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது இப்போது எங்கள் வீட்டு வழக்கம்.

சரி, இதெல்லாம் தெரிந்து சமைத்து வைத்தாலும் குழந்தை வாயைத் திறக்க வேண்டுமே! இரண்டு முதல் ஆறு வயதுவரை புதிய உணவைக் கண்டால் மிரள்வது குழந்தையின் இயல்பு. அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் 1982இல் இரண்டு வயதுக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஓர் உணவை எத்தனை முறை சுவைத்தார்களோ அந்த அளவுக்கு அதன்மேல் விருப்பம் கூடியது தெரியவந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எட்டு, பத்து முறையாவது வைத்துப் பார்க்கச் சொல்கின்றன. நம் வீடுகளில் இரண்டாம் முறை துப்பியதுமே “அவளுக்குக் கீரை பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைக் குழந்தையும் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்கிறது. கைப்பேசியைக் காட்டி ஊட்டுவது இன்னொரு குறுக்குவழி. வாய்க்குள் என்ன போகிறது என்றே பார்க்காத குழந்தை அந்தச் சுவையோடு எப்படிப் பழகும்?

என் மகன் படிப்பது அரசுத் தொடக்கப் பள்ளியில். காலை உணவு அங்கேதான். வீட்டில் கேரட்டைப் பொறுக்கி ஓரம் வைப்பவன் பள்ளிக் கிச்சடியில் அதைப் பேசாமல் தின்கிறான்; பக்கத்தில் இருப்பவர்கள் தின்கிறார்களே! 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த அந்தத் திட்டத்தின் பேசப்படாத பலன்களுள் இதுவும் ஒன்று. ஆனால், இரத்தசோகைக் கணக்கு எடுக்கப்படுவது ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம். அங்கன்வாடியில் மதிய உணவு கிடைத்தாலும், அவர்களுடைய மற்ற வேளைகள் வீட்டு அடுப்பை நம்பித்தான் இருக்கின்றன.

மகளுக்கு வழி திறந்தது சிமிலியில். கேழ்வரகு மாவைச் சிறிது உப்போடு பிசைந்து அடையாகச் சுட்டு, ஆறியதும் பிய்த்து, வறுத்த மல்லாட்டையும் வெல்லமும் சேர்த்து இடித்து உருண்டை பிடிப்பது சிமிலி. வடதமிழ்நாட்டுப் பண்டம், தெற்கே உள்ள நண்பர்கள் பெயரையே கேட்டதில்லை என்கிறார்கள். முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவென்றால் இன்னும் நல்லது. உருண்டை பிடிக்கும் வேலை மகளுடையது. பாதி தரையில் சிந்தும். தான் பிடித்ததைத் தானே தின்பாள். கூட ஒரு கொய்யாத் துண்டு. இதே முறையில் கீரை ஆய்வதும் அவள் வேலையாயிற்று, ஆய்ந்ததைச் சுவைப்பதும் வந்தது. (ஐந்து வயதுக்குள் முழு மல்லாட்டையைக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும், இடித்தே கொடுக்க வேண்டும்.) உணவு மட்டும் போதும் என்றும் நான் வாதிடவில்லை. மருத்துவர் சொன்ன இரும்புச்சத்து மருந்தையும் குடற்புழு நீக்க மாத்திரையையும் அவளுக்குக் கொடுத்தோம். இரத்தசோகை கண்ட குழந்தைக்கு அதுதான் முதல் சிகிச்சை; தட்டு அதைத் தக்கவைக்கும்.

இவ்வளவும் நேரத்தைத் தின்னும் வேலைகள். ஊறவைக்க, முளைகட்ட, புளிக்கவைக்க, பத்தாம் முறையும் பொறுமையாகத் தட்டில் வைக்க யாருக்கு நேரம்? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டது தெரியவந்தது. ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும் நூற்றுக்கு 26 ஆண்களே அவ்வேலைகளில் கைவைத்தவர்கள். குழந்தையின் சத்துக்குறைவைப் பற்றிய விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் எப்போதும் ஒரு தாயின் படம்தான் இருக்கிறது. தானே இரத்தசோகையுடன், பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒரு பெண்ணிடம் கேழ்வரகை முளைகட்டச் சொல்வது அறிவுரை ஆகாது. வீட்டு ஆண் அடுப்படிக்குள் வருவது பெருந்தன்மை சார்ந்த செய்தியல்ல, அந்த 57.4 விழுக்காட்டைக் குறைக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று.

அரசு செய்யக்கூடியதும் இருக்கிறது. 2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கூழ் குடித்துப் பழகிய விழுப்புரம் மாவட்டத்தில் அதை வாங்க ஆளிருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. செஞ்சி, மேல்மலையனூர் வட்டங்களின் ரேஷன் கடைகளில் முதலில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் காடுகளில் விளைவதையே கொள்முதல் செய்தால் உழவருக்கும் ஒரு விலை கிடைக்கும்.