பற்று, பங்கு, பாடு: கொட்டியாரக் கரையோரக் கத்தோலிக்க சமூக வாழ்வு குறித்துச் சில சிந்தனைகள்

திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கும் பிரதேசத்தில் அமைந்துள்ளது ஈச்சிலம்பற்று. ஈச்சிலம்பத்தை என எழுதுவாரும் உளர். வயலும் களப்பும் கடலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இப்பகுதியின் மக்களிற் பெரும்பான்மையோர் சைவர்கள். வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் திருவிழாவே இவர்களது ஆண்டுக் கணக்கின் நடுநாள். 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் குறிப்பிடும் கரையோர வேடரின் வழிவந்தோரும் இப்பகுதியில் வாழ்கின்றனர். கத்தோலிக்கர் தொகையாற் சிறியவர். எண்ணிக்கையாலோ நிலவுடைமையாலோ செல்வாக்குப் பெறாத ஒரு சமூகத்திலேயே, ‘பங்கு’ எனப்படும் திருச்சபை அமைப்பு உண்மையில் எதனைச் செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும் என்பதால் இவ்விடத்தை நாம் நோக்குகின்றோம்.

சொற்களிலிருந்து தொடங்குவது பொருந்தும். ஈழத்துக் கத்தோலிக்கத் தமிழில் ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள எல்லைக்கு இன்று வழங்கும் பெயர் பங்கு. முன்னர் வழங்கிய பெயர் கோயிற்பற்று. இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பன போலத் தோன்றினும் இரண்டும் வெவ்வேறு சமூக உறவுகளிலிருந்து பிறந்தவை.

பற்று என்பது பிடித்தல், உரிமை, கடன், பெற்றுக்கொண்டமை ஆகிய பொருள்களைத் தாங்கிய சொல். கிழக்கிலங்கையில் அது நிலப்பிரிவின் பெயர்: கொட்டியாரப் பற்று, தம்பலகாமப் பற்று, கட்டுக்குளப் பற்று, தெற்கே கோறளைப் பற்று, மண்முனைப் பற்று. வயலும் வரியும் இதன் அடிப்படை. இந்நிருவாகச் சொல் மதத்தோடு எவ்வாறு இணைந்தது என்பதை அறிய யாழ்ப்பாணத்துக்குச் சென்று மீளல் வேண்டும். போர்த்துக்கேயர் அங்கு அமைத்த கோயிற்பற்றுக்களை ஒல்லாந்தர் தம் புரொட்டஸ்தாந்து சபைக்காகவும் நிருவாகத்துக்காகவும் அப்படியே எடுத்துக்கொண்டனர். பிறப்பும் விவாகமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. பதிவு இன்றேல் முதுசத்துக்கு உரிமை கோருவது கடினமாயிற்று. ஞானஸ்நானம் பெற்றவன் அரசின் ஏட்டிலும் ஏறினான். மதமாற்றத்தை ஆன்மீக நிகழ்ச்சியாக மட்டும் விளக்குவோரும், வஞ்சகமாக மட்டும் விளக்குவோரும், இவ்வேட்டினை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

பங்கு என்ற சொல்லின் வாழ்விடம் வேறு. கடற்கரையில் அது அன்றாடச் சொல். கிழக்குக் கரையில், சோழகக் காலத்தில் கடல் அமைதியுற்றதும், கரைவலைத் தொழில் தொடங்கும். தோணி வலையை வளைத்து இறக்கிவர, கரையில் இரு புறமும் நிற்போர் அம்பாப் பாடிக் கயிற்றை இழுப்பர். மடி கரைசேர்ந்ததும் மீன் விலையாகும். செலவு கழித்த பின் எஞ்சுவது வலைக்கும் தோணிக்கும் ஆட்களுக்குமாகப் பங்கிடப்படும். விகிதம் இடத்துக்கிடம் வேறுபடும். ஆனால் உற்பத்திக் கருவிக்கு ஒரு பங்கு உண்டு என்ற விதி எங்கும் ஒன்றே. வலை கடலில் நீந்தாது, வியர்க்காது. எனினும் அதன் பங்கு சம்மாட்டியாரின் மடியில் விழுகிறது. தொழிலாளியின் பங்கிலிருந்து, பருவத் தொடக்கத்திற் பெற்ற முற்பணம் கழிக்கப்படும். கழித்தபின் கடனே மிஞ்சின், அடுத்த பருவமும் அவன் அதே வாடிக்கு வருவான். சமத்துவச் சாயல் கொண்ட இச்சொல்லுக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு ஒளிந்துள்ளது.

மூன்றாவது சொல் பாடு. கரைவலை வீசுவதற்கு உரிமையுள்ள கரைத்துண்டுக்கு மீனவர் வழக்கில் பாடு என்று பெயர். அரச பதிவுக்கு உட்பட்ட இவ்வுரிமை, கடலன்னை யாவர்க்கும் பொது என்ற கூற்றினைப் பொய்யாக்குவது. தவக்காலத்தில் அதே மக்கள் கோயிலிற் கேட்பது கிறிஸ்துவின் பாடுகள். ஒலியால் ஒன்றுபட்ட இவ்விரு சொற்களையும் ஒரே வாயாற் பேசும் மக்களிடத்து, வியாகுல பிரசங்கம் வாசிக்கப்படும்போது எழும் அழுகையை வெறும் பக்திப் பெருக்கு என ஒதுக்குவது எமக்கு உடன்பாடன்று. 1844 இல் மார்க்ஸ் எழுதிய புகழ்பெற்ற பந்தியில் அபினைப் பற்றிய தொடரை மட்டும் மனனஞ் செய்து, அதற்கு முந்திய வரிகளைப் படியாது விட்டவர்கள் எம்மவரிலும் உண்டு.

அப்பிரசங்கங்களின் ஆசிரியராகக் கருதப்படுபவர், சாங்கோபாங்க சுவாமி என வழங்கப்பட்ட கோவைக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் (இறப்பு 1742). ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. 1658 இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தது முதல் 1687 இல் யோசவ்வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, மூன்று தசாப்தங்கள், இந்நாட்டுக் கத்தோலிக்கர் நிலையான குருக்களின்றியே வாழ்ந்தனர். செபங்களைச் சொல்லிக்கொடுத்தவர்களும், குழந்தைக்கு நீர் வார்த்தவர்களும், இறந்தவரை அடக்கியவர்களும் மூப்பர்களும் அண்ணாவிமாருமாகிய பொதுநிலையினரே. ‘மேய்ப்பன் இன்றி மந்தை சிதறும்’ என்ற கருத்துநிலைக்கு ஈழத்து வரலாறு தரும் மறுமொழி இது.

மேய்ப்பன் என்ற உருவகமே இங்கு நின்று நோக்கற்பாலது. மேற்றிராணியார் என முன்னர் அழைக்கப்பட்டவர் இன்று ஆயர். ஆயர் முல்லைத் திணைக்குரியர், மந்தையை உடையவர். எமது கரையோரக் கத்தோலிக்கரோ நெய்தல் மாந்தர். மேய்ச்சல் நிலத்தின் உருவகத்தில் ஆடு பேசுவதில்லை, வழி கேட்பதில்லை. கரைவலையிலோ ஒருவர் கயிற்றை விட்டால் மடி கரைசேராது. சுற்றுமடல்களிலும் மறையுரைகளிலும் மேய்ப்பு உருவகம் ஓங்கி ஒலித்ததும், பங்கின் நாளாந்த வாழ்வு கயிற்றிழுப்புப் போல நடந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை.

திருகோணமலை மறைமாவட்டம் 1893 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பிரான்சிய யேசுசபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க யேசுசபையினர் வந்தனர். கல்லூரிகளே இவர்களது பெருஞ்சாதனை. கொட்டியாரக் கரையின் மீனவனது பிள்ளை அக்கல்லூரிகளின் வாயிலை எட்டியது அரிது. 1960-61 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதைத் திருச்சபை வன்மையாக எதிர்த்தது. எம் கருத்தில் அந்த இழப்பு ஒரு நன்மையையும் செய்தது: பாடசாலை கைவிட்டுப் போனபின், குருவானவரும் மக்களும் நேர்நேராகச் சந்திக்கும் இடமாகப் பங்கே எஞ்சியது.

அதே தசாப்தத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) நடைபெற்றது. பூசை தமிழாயிற்று, ‘இறைமக்கள்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1977 இல் நற்கருணையையும் மனித விடுதலையையும் இணைத்து எழுதிய ஆங்கில நூல், அப்பம் பகிரும் சடங்கு பகிர்வற்ற சமூகத்தில் எவ்வாறு பொருளிழக்கிறது என்பதை விவாதித்தது. அவர் 1997 இல் சபைவிலக்குக்கு உள்ளாகி மறு ஆண்டு மீளச் சேர்க்கப்பட்டமை வேறு நூல்பற்றிய கதை. தென்னிலங்கையில் எழுந்த இக்குரல் தமிழ்ப் பங்குகளில் உரத்துக் கேட்டதாகக் கூறல் இயலாது. இங்கு வர்க்கப் பிரச்சினையை இனப்பிரச்சினை விழுங்கிக்கொண்டிருந்தது. நீர்கொழும்பு, சிலாபப் பகுதிகளிலிருந்து பருவத்துக்கு வந்து கிழக்கில் வாடியமைத்த கத்தோலிக்க மீனவரும், உள்ளூர்த் தமிழ் மீனவரும் ஒரே அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினர். அப்பொது வணக்கம் அவர்களை ஒரே தொழிற்சங்கத்திற் சேர்க்கவில்லை.

போர் வந்தபோது பங்கு என்ற சொல் மீண்டும் பொருள் மாறியது. 1990 ஓகஸ்ற் 15 இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அமெரிக்க யேசுசபைக் குரு இயூஜின் ஹீபர்ட், உடன்சென்ற தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். 2004 டிசெம்பர் 26 இல் கடல் இக்கரையை அடித்தது. 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கின் மீது குண்டுகள் வீழ்ந்தபோது மக்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கமாக ஒதுங்கினர். ஓகஸ்றில் மூதூர் நகரமே போர்க்களமாகியது. மக்கள் பாடசாலைகளிலும் வணக்கத்தலங்களிலும் அடைக்கலம் புகுந்தனர். தொண்டு நிறுவனப் பணியாளர் பதினேழு பேர் அங்கு கொல்லப்பட்டனர். பின்னர் அடைக்கலம் கொடுத்த ஈச்சிலம்பற்று மக்களும் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கு ஓடினர். 2007 ஜனவரியில் வாகரையும் படையினர் வசமானது. சம்பூர் மக்களிற் பலர் தம் காணிக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருந்தனர்.

இவ்வோட்டத்திற் பங்கு என்பது எல்லையுள்ள நிலமாக இருக்கவில்லை. நடந்து செல்லும் ஒரு பெயர்ப்பட்டியலாக இருந்தது. முகாமில் நிவாரணப் பங்கீடு பட்டியலின்படி. பட்டியலில் இல்லாதவனுக்கு அரிசி இல்லை. பிறப்புச் சான்றிதழை இழந்தவருக்குத் திருமுழுக்குப் பதிவேட்டின் பிரதி துணைச்சான்றாயிற்று. ஒல்லாந்தரின் தோம்பு மக்களைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. அதன் வழித்தோன்றலாகிய பதிவேடு, அரசின் முன் ‘நாம் இங்கிருந்தோம்’ எனக் கூறுவதற்கு மக்களுக்குப் பயன்பட்டது. கருவி ஒன்றே, அதனைப் பிடித்த கை மாறியது.

ஆயினும் பதிவேடு அனைத்தையும் சொல்வதன்று. அதில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவின் ஒப்பம் ஆகியன உண்டு. அதே தந்தையின் பெயர் சம்மாட்டியாரின் கணக்குக் கொப்பியிலும் உண்டு. அங்கு பெயருக்கு நேரே இருப்பது முற்பணத் தொகை. ஞானத்தந்தை எத்தனை இடங்களில் வலையின் சொந்தக்காரராகவே இருக்கிறார் என்பதை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவரே சொல்ல முடியும். சமூக வரலாற்று மாணவருக்கு இஃது ஒரு நல்ல வேலை. கறையானும் வெள்ளமும் எதையேனும் விட்டுவைத்திருப்பின்.